முக்கோணக் கண்ணாடியைத் துடைக்கவில்லை

வேங்கிக்கால்,
மாட்டுப் பொங்கல் இரவு.

அன்புள்ள அபி அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே அக்கா. அப்பாவுக்கும் காட்டாதே, அம்மாவுக்கும் காட்டாதே, அறிவு மாமாவுக்குக்கூட வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் நல்லவர்கள் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். படித்து முடித்ததும் கிழித்துவிடு, கிழித்ததை ஒரே இடத்தில் போடாதே. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பெங்களூரில் நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள், உன் பெண் எப்படி இருக்கிறாள்? பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும், ஆனால் அவள் பெயர் எனக்குத் தெரியாது. உனக்குக் குழந்தை பிறந்ததே எனக்குத் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நீயும்கூட.

உன் விடுதியில் போன் கூடாது என்று இருந்தபோது அப்பா உனக்குக் கடிதம் எழுதுவார், நான்தான் தபால்பெட்டியில் போடுவேன், ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்தும்விடுவேன். முதலில் ஊர்ச் செய்தி, நடுவில் கவலை, கடைசியில் புத்திமதி. எனக்கும் வேறு மாதிரி எழுதத் தெரியாது. அதனால் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவுக்கு பிபி மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், தலைசுற்றல் இப்போது கம்மி, இது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். அப்பா காருக்குப் புது சீட் உறை போட்டிருக்கிறார், சாம்பல் நிறம், அதில் நீ உட்கார்ந்தே பார்த்துவிட்டாய். கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த காலி மனையெல்லாம் வீடாகிவிட்டது, நம் மாடியில் நின்றால் இப்போது மலையின் உச்சி மட்டும்தான் தெரிகிறது, இதை அம்மா சொல்லியிருக்க மாட்டாள், அவள் மாடிக்கே போவதில்லை. நான் பத்தாவது படிக்கிறேன். கணக்கில் அரையாண்டுக்கு நாற்பத்தொன்று. அதையும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருகிற செய்தியெல்லாம் எனக்கு முன்னால் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டிருக்கிறது, என் பக்கத்துக்கு மட்டும் உன் செய்தி ஒன்றுகூட வரவில்லை.

நீ போன பிறகு கார்க் கண்ணாடி துடைக்கிற வேலை எனக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. முன்பு நீ வெளியே, நான் உள்ளே. வெளியே மேலும் கீழுமாக, உள்ளே குறுக்காக. “கோடு வுழுந்தா எந்தப் பக்கம்னு கண்டுபுடிக்கணும்ல, அதுக்குத்தான்” என்று அப்பா சொல்லிக்கொடுத்த முறை. கோடு நின்றுகொண்டிருந்தால் உன் தப்பு, படுத்துக்கொண்டிருந்தால் என் தப்பு. நீ வெளியிலிருந்து கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டுவாய், நான் உள்ளிருந்து உன் விரலுக்கு நேராக என் விரலை வைத்து, இது உன்னுது என்று வாயசைப்பேன், நீ ஒத்துக்கொள்ளவே மாட்டாய். இப்போது இரண்டு பக்கமும் நானே, தப்பைப் போட ஆள் இல்லை. நம் போர் தண்ணீர் உப்பு ஜாஸ்தியாகிவிட்டது, காய்ந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி, அதனால் அப்பா ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கேனில் பிடித்து வருகிறார், அந்தத் தண்ணீர் காய்ந்தால் தடமே இருப்பதில்லை. வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கி, பிறகு நன்றாகப் பிழிந்த துணி, பிறகு அப்பாவின் பழைய வேட்டித் துணி காய்ந்தது. கிரிவலத்துக்கு வந்து அப்பா காரில் சவாரி ஏறுகிறவர்கள் தலை சாய்த்த இடத்தில் தேங்காய் எண்ணெய், கை வைத்த இடத்தில் விபூதி, இரண்டும் சேர்ந்துவிட்டால் ஈரத்துணியைக் கொண்டுபோகவே கூடாது, கண்ணாடி முழுக்கப் பரவிவிடும், காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். கடைசியில் வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிசுக்கெல்லாம் ஊதினால் தெரிந்துவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரிந்தது இந்த வேலையால்தான்.

அதற்கு முன்னால் நீ போன நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் உன் பையை நான்தான் என் டியூஷன் பைக்குள் வைத்து முனைக்கடை வரை கொண்டுவந்து கொடுத்தேன். “யாருகிட்டயும் சொல்லக் கூடாது கவி, உன்ன நம்பித்தான் போறேன்” என்றாய். மதியம் வீட்டில் தெரிந்துவிட்டது. அப்பா என்னை ஒரே ஒரு அறை அறைந்தார், அதற்கு மேல் அடிக்கவில்லை, அவர் உட்கார்ந்து அழுதுவிட்டார். அம்மாதான் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். “உனக்குத் தெரியாம இருக்காது. தெரியாதுன்னா அண்ணாமலையார நெனச்சிக்கினு கையால அணைச்சு சத்தியம் பண்ணு” என்றாள். நான் அணைத்தேன் அக்கா. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, எனக்குத் தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்தேன். வலது கையில் இன்னும் அந்தத் தழும்பு சின்னதாக இருக்கிறது. அன்றிலிருந்து நான் மலையை நேராகப் பார்ப்பதில்லை, மாடியில் துணி காயப்போடும்போதுகூட அதற்கு முதுகு காட்டிக்கொண்டுதான் நிற்பேன். அம்மா தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தபோது, என் சத்தியம்தான் அவளைத் தள்ளிவிட்டது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன் ரகசியத்தை இரண்டு வருஷம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

நீ போன மறுவாரம் இந்த அறைக் கதவின் தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிட்டார். உன் போட்டோவையும் கழற்றிவிட்டார், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு போன் கிடையாது, அம்மா போனில் என்ன கோடு இழுத்தால் திறக்கும் என்று தெரியாது. ஒரு தடவை மறதியாக, அபி அக்கா தட்டு எங்கே என்று கேட்டுவிட்டேன். அதற்கு அப்பா, “இன்னொரு தபா அவ பேரு இந்த வூட்டுல கேட்டுச்சுன்னா உன் பள்ளிக்கூடத்த நிறுத்திடுவேன்” என்றார். அவர் சொன்னதைச் செய்கிறவர், அது உனக்குத் தெரியும். அதனால் நான் உன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டேன். அம்மா சமையலறையில் தனியாக அழுதால் உனக்காக அழுகிறாள் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

தீபத்துக்கு அம்மா, அடி அண்ணாமலைக்குப் போகிறேன், எல்லம்மாளுக்கு டீக்கடையில் ஒத்தாசை வேண்டுமாம், கூட்டம் தாங்காது என்றாள். எல்லம்மாள் அம்மாவோடு ஒன்றாகப் படித்தவள் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்பாவும் முந்தின நாளே, சாலையை அடைப்பதற்குள் காரை அங்கே கொண்டுபோய்விட்டார். எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று வீட்டுக்கார ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். மாடியில் எல்லோரும் நின்றார்கள், உச்சியில் தீபம் தெரிந்ததும் அரோகரா என்று கத்தினார்கள். நான் அன்று மட்டும் மலையைப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு, என் அக்கா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன். நீ எங்கே இருந்தாய்? மலைக்கு அந்தப் பக்கம், எல்லம்மாள் வீட்டு வாசலில், அம்மாவுக்குப் பக்கத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே தீபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டு நாள் கழித்து அப்பா பெங்களூர் ஏர்போர்ட் சவாரி என்று போய்விட்டு வந்தார். “பின்னாடி கண்ணாடியெல்லாம் நானே தொடச்சிட்டேன் கவி, நீ முன்னாடி மட்டும் பாத்துக்க” என்றார். அவர் கண்ணாடியைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பாவம், எனக்குப் பரீட்சை என்று துடைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காலையில் வெயில் பட்டதும் பார்த்தேன், பின் கதவுக் கண்ணாடியில் கோடு கோடாக நின்றுகொண்டிருந்தது. நின்ற கோடு என்றால் வெளிப்பக்கம்தானே. வெளியே துடைத்தேன், போகவில்லை. மறுபடி துடைத்தேன், போகவில்லை. உள்ளே போய் விரலால் தொட்டுப் பார்த்தால் கோடு உள்பக்கத்தில் இருக்கிறது. உள்ளே குறுக்காகத்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே, உள்ளே மேலும் கீழுமாக, அவசரத்தில், காய்ந்த துணியால் இழுத்திருக்கிறார். எதையோ அழித்திருக்கிறார் என்று அப்போதுதான் தோன்றியது. இடப்பக்கப் பின் கதவில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இறங்காத சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்குமே, அதை அவர் மறந்துவிட்டார். நான் அதன் மேல் ஊதினேன்.

ஒரு கை வந்தது அக்கா. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கை, ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை உருண்டையாக. அதற்கு மேலே ஒரு பெரிய விரலால் வரைந்த சிரிக்கிற எலுமிச்சம்பழம், இரண்டு கண், காம்பில் ஒரு இலை. கார் பூஜைக்கு டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் பாவம் என்று அதற்குக் கண்ணும் வாயும் வரைகிறவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். ஆவி போகப்போக இரண்டும் மறைந்துவிட்டன. மறுபடி ஊதினேன், மறுபடி வந்தன. எத்தனை தடவை ஊதினேன் என்று தெரியாது, எனக்கு மூச்சு வாங்கியது. உள்ளே கை வைத்தால் அழிந்துவிடும் என்று இறங்கி வெளியே வந்து, வெளிப்பக்கத்தில் அந்தக் கைக்கு நேராக என் கையை வைத்தேன், தழும்பு இருக்கிற கையை. என் கையில் பாதிகூட இல்லை. முதலில் எனக்குக் கோபமே வரவில்லை, ஐயோ நான் சித்தியாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கோபம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. மாதா மாதம் பௌர்ணமிக்கு அம்மா கிரிவலம் போய்விட்டு வருவாள். பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்தவள், வந்ததும் கால் வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னதில்லை, பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை. நான் அதை அவளுடைய பக்தி என்று நினைத்தேன். தேரடித் தெருவில் வாங்கினேன் என்று ஒரு பச்சை கிளிப் கொடுத்தாள், அதைப் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கக் காட்டினேன், அதன் அட்டையில் பெங்களூர்க் கடைப் பெயர் இருந்தது, இந்த ஊரில் எல்லாம்தான் பெங்களூரிலிருந்து வருகிறது என்று விட்டுவிட்டேன். எல்லம்மாள் ஒரு நாள் சந்தையில் என்னைப் பார்த்து, “இன்னாடி சித்தி, எப்படி கீற?” என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பெரியவளாகிவிட்டேன் என்று கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். சேர்ந்து சிரித்தேனே, அதுதான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

அப்போதும் உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, நீ கேட்டிருப்பாய், இவர்கள்தான் என்னைக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று இருந்தேன். போகியன்று காலையில் அதுவும் போய்விட்டது. பொங்கலுக்கு என்று முழுக்க சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பின்பக்கப் பெரிய கண்ணாடியின் அடிமூலையை எட்ட வேண்டுமென்றால் சீட்டில் குப்புறப் படுத்து, துணியைப் புறங்கையால் தள்ள வேண்டும், அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. பக்கக் கண்ணாடிகளின் மேல் விளிம்பு ரப்பருக்குள் ஒளிந்திருக்குமே, அதைத் துடைப்பதற்காக எல்லாக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கிவைத்திருந்தேன். நான் குளிக்கப் போய்விட்டேன் என்று நினைத்து அப்பாவும் அம்மாவும் குழாயடியில் நின்று பேசினார்கள்.

அம்மா, “ஏங்க, இப்பவாவது கவிகிட்ட சொல்லிடலாங்க. பேத்திக்குப் பதினோராம் மாசம் காது குத்தறோம், சித்திக்காரி இல்லாம இன்னா காது குத்து?” என்றாள். அப்பா, “சொல்லிட்டு? ஓடிப்போனா ரெண்டு வருஷம் மொறைப்பாங்க, ஒரு கொழந்தையக் காட்டினா எல்லாம் சரியாப் பூடும்னு சின்னதுக்கும் தைரியம் வந்துடாதா? பன்னண்டாவது முடியட்டும், ஒரு எடத்துல கட்டிக் குடுத்துட்டு அப்புறம் பொறுமையா சொல்லிக்கலாம்” என்றார். அவ அந்த மாதிரிப் பொண்ணு இல்லங்க என்று அம்மா சொன்னாள். “பெரியவளுந்தான் அந்த மாதிரி இல்லன்னு சொன்ன” என்று அப்பா சிரித்தார், அம்மாவும் சிரித்துவிட்டாள். நீ ஓடிப்போனதைப் பற்றி அவர்கள் சிரித்துப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள் அக்கா, நான் இன்னும் உன் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டிருக்கிறேன். பிறகு அப்பா சொன்னதுதான். “நான் மட்டுமா சொல்றேன்? அபியே சொல்றா. இப்ப அவளுக்குத் தெரிய வேணாம்ப்பா, படிப்பு கெட்டுடும், அவளும் என்ன மாதிரி ஆயிடப் போறான்னு அவதானே சொன்னா.” தாய்மாமன் மடிக்குப் பெரியப்பா மகன் பிரகாஷ் வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். காணும் பொங்கலுக்கு என்னை அத்தையைப் பார்க்கச் சொல்லிப் போளூர் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டுமாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அடி அண்ணாமலை கோயிலில் காது குத்து. நான் ஈரத்துணியை வாயில் கடித்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன். அவர்கள் உள்ளே போன பிறகு எழுந்து மீதிக் கண்ணாடியைத் துடைத்தேன், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீயா அப்படிச் சொன்னாய்? அப்பா என்னை நம்பாததை விட்டுவிடுகிறேன், அவர் யாரையும் நம்பமாட்டார். நான் உன்னை மாதிரி ஆகிவிடுவேன் என்று நீ எப்படிப் பயப்படலாம்? நான் எந்தப் பையனோடும் பேசியதில்லை. நான் செய்த ஒரே தப்பு உனக்காகச் செய்த பொய்ச் சத்தியம். அதைக் கேட்டு வாங்கிய அம்மாவும், அதற்குக் காரணமான நீயும் ஒன்றாக உட்கார்ந்து பதினொரு மாதமாகக் குழந்தையைக் கொஞ்சியிருக்கிறீர்கள், கையைச் சுட்டுக்கொண்டவள் வெளியே நிற்கிறேன். பிரகாஷுக்குத் தெரியும். எல்லம்மாளுக்குத் தெரியும். நாளைக்கு நான் போகும்போது அத்தைக்கும் தெரிந்திருக்கும், எனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு என்னைப் பாவமாகப் பார்ப்பாள். ஊரிலேயே எனக்கு மட்டும்தான் என் அக்கா பெண்ணைத் தெரியாது.

ஆனால் அந்த எலுமிச்சம்பழத்தை நினைத்தால் எனக்குக் குழம்பிவிடுகிறது. கண்ணாடியை ஊதிப் பார்ப்பது நான்தான் என்று உனக்குத் தெரியும். கைக்கு மேலே நீ அதை விளையாட்டாக வரைந்தாயா, இல்லை நான் பார்க்க வேண்டும் என்று வரைந்தாயா? எனக்காக வரைந்திருந்தால் உன்னிடம் பாதிக் கோபம்தான். இந்த ஐந்து வாரமாக அந்த முக்கோணத்தை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறேன், யாரும் சாயாமல் இருக்க வெயில் வலையை மேலே ஒட்டிவைத்திருந்தேன். இன்று சாயங்காலம் வலையை எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்ட விரலால் கைக்குக் கீழே ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன், சீட்டைப் பார்த்து. அப்பா விடிகாலை நாலு மணிக்கு உன்னை அழைத்துவரக் கிளம்புகிறார், என்னிடம் ஏர்போர்ட் சவாரி என்றுதான் சொன்னார். அதற்கு முன் பனி துடைக்கிறேன் என்று போய் இந்தக் கடிதத்தை இடப்பக்கச் சீட் உறைக்குள் சொருகிவிடுவேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால் நீயும் ஊதிப் பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பஸ் ஏறமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார், பிறகு பள்ளிக்கூடம் போய்விடும். உன்னால் சொல்ல முடியும், உன்னிடம் இப்போது அவர் கோபப்படமாட்டார், பேத்தியைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கவி வந்தால்தான் காது குத்துவேன் என்று சொல். போளூர் அதிக தூரம் இல்லை, நாளை ராத்திரியே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல். கடிதம் எழுதினேன் என்று சொல்லாதே, உனக்கே மனசு கேட்கவில்லை என்று சொல். எனக்காக ஒரு பொய் சொல் அக்கா, கற்பூரம் அணைக்க வேண்டியதில்லை.

குழந்தையை முன் சீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதே. கிருஷ்ணகிரி வரை குளிர்காற்று இருக்கும், தலைக்குக் குல்லா போடு. அந்த முக்கோணக் கண்ணாடியை அவள் நக்கினாலும் பயப்படாதே, அந்தப் பக்கம் நான் எந்த மருந்தும் அடிப்பதில்லை. காது குத்தின இடத்தில் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு, தூங்கும்போது கம்மல் தலையணையில் மாட்டாமல் பார்த்துக்கொள். அவள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், நன்றாகப் படிக்கட்டும், அவளிடம் யாரும் எதையும் மறைக்காமல் இருக்கட்டும், இது சித்தியின் ஆசீர்வாதம், என் வயதில் ஆசீர்வாதம் செய்யலாமா என்று தெரியவில்லை. ஒன்று மறந்துவிடாதே. உன்னால் எதையும் சொல்ல முடியாமல் போய்விட்டால், அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால், திரும்பிப் போகும்போது அந்த முக்கோணத்தில் அவள் பெயரை மட்டும் விரலால் எழுதிவிட்டுப் போ. அப்பாவுக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் நான் ஊதிப் படித்துக்கொள்கிறேன்.

அக்கா, வாசலில் சத்தம் கேட்கிறது. மணி மூன்றுகூட ஆகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அப்பா டார்ச்சோடு காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். சீட்டில் எதையோ விரிக்கிறார், குழந்தைக்காக இருக்கும். இப்போது டார்ச் இடப்பக்கம் வந்துவிட்டது. பின் கதவைத் திறந்து உள்ளே குனிகிறார். முக்கோணத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகிறார், ஊதுகிறார் அக்கா, அவர்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். மறுபடியும் ஊதுகிறார். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வந்து தன் கையை வைத்துப் பார்க்கிறார்.

டார்ச் அணைந்துவிட்டது. வாசற்படி ஏறுகிற சத்தம். என் அறைக் கதவைத் தட்டுகிறார். தாழ்ப்பாள் இல்லை, நாற்காலியைத்தான் முட்டுக்கொடுத்திருக்கிறேன். கவி, முழிச்சினுகீறியா, கதவத் தொற என்கிறார். கோபமா என்று குரலில் தெரியவில்லை. மறுபடி தட்டுகிறார். எப்படியாவது அவள் பெயரை மட்டும்